தகதிமியா, தகிடவா?

கிடார் கத்துக்குறவங்க பெரும்பாலும் முதல்ல பிடிக்கிற ஸ்ட்ரம்மிங் இதுதான்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். தகதிமின்னு நாலு எண்ணிக்கையில நடக்கிற பாட்டுக்கு இது சரியா உட்காரும். எல்லாப் பாட்டுக்கும் இதையே போட்டா, பாடுறவருக்கு அடுத்த வரியை எங்க எடுக்கிறதுன்னே தெரியாது.

கறம்பக்குடிப் பக்கம் முளைப்பாரிக்குக் கும்மி அடிக்கும்போது கூடவே கைதட்டிப் பாருங்க. பெரும்பாலும் தகிட, தகிடன்னு மூணு மூணாத்தான் வரும். அதுக்குக் கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல். ஒண்ணுலயும் நாலுலயும் அழுத்தம். எந்தப் பாட்டானாலும் முதல்ல தட்டி எண்ணுங்க, கிடாரை அப்புறம் எடுக்கலாம்.

அடுத்த சிக்கல் கார்டு மாத்துறது. ஜி-யிலிருந்து சி-க்குப் போக விரல் தேடும்போது வலது கையும் சேர்ந்து நின்னுடும். அதுதான் தாளத்தைக் கொல்லும். கடைசி மேல் வீச்சிலேயே இடது விரல்களை எடுத்துடுங்க. திறந்த கம்பி ஒரு கணம் ஒலிச்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. புது கார்டு 'ஒண்ணு'ல விழுந்தாப் போதும்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துல இளையராஜாவோட 'இளைய நிலா' மாதிரிப் பாட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். அங்க கம்பி கம்பியா மீட்டுறதுதான் அழகு; மொத்தமா வீசினா அந்தக் கிடாரே காணாமப் போயிடும்.

மெட்ரோனோமை 60-ல வெச்சு ரெண்டே கார்டோட ஆரம்பிங்க.