பழைய தார் ஜீப்: முதல் செலவு எதற்கு?

செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா தார் வாங்கியதும் பலர் பம்பர், லைட் கடைக்கு ஓடுகிறார்கள். வேண்டாம். பிரேக், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் இணைப்புகள், அடிப்பக்கத் துரு ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்து டயர். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு ஆல்-டெரெய்ன் டயரே சரி. மட்-டெரெய்ன் இரையும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும். அளவைப் பெரிதாக்கினால் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

இரும்பு புல் பார் மாட்டவே மாட்டாதீர்கள். நடந்து போகிறவர்மீது மோதினால் காயம் பல மடங்காகும். 2017-லேயே மத்திய அரசு அதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவ் போடாதீர்கள். திருப்பங்களில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப் பழுதாகும்.