சினைப்பைப் புற்றுநோய்: நிணநீர்க்கணுவில் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

சினைப்பையில் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நிணநீர்க்கணுக்கள் பெரிதாக உள்ளன’ என்று ஒரு வரி இருந்தால் குடும்பமே இடிந்துபோகிறது. இல்லையென்றால் பரவவில்லை என்று நிம்மதியாகிவிடுகிறது. இரண்டுமே அவசர முடிவுதான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. அது வீங்கப் பல காரணங்கள் உண்டு. வீங்காத கணுவிலும் நோய் இருக்கலாம்.

முதலில், ஸ்கேன் எதுவரை எடுக்கப்பட்டது என்று பாருங்கள். சினைப்பை அடிவயிற்றில் இருந்தாலும் அதன் நிணநீர், ரத்தக் குழாய்களை ஒட்டியே மேலேறி, சிறுநீரகங்களின் உயரத்தில் பெருந்தமனியைச் சுற்றியுள்ள கணுக்களுக்குப் போகிறது. இன்னொரு பாதை இடுப்புக் கணுக்களுக்கு. அதனால் அடிவயிற்று ஸ்கேன் மட்டும் போதாது. மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுக்க வேண்டும். அதற்குமுன் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிந்திருக்கட்டும்.

அடுத்து, அளவு. ஒரு கணுவுக்கு இரண்டு அளவுகள் போட்டிருந்தால் சிறியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 18 x 7 மி.மீ. என்றால் 7தான் பேச்சு. வயிற்றுக்குள் 10 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகப்படுவார்கள். நெஞ்சின் அடியில் இதயத்தை ஒட்டியுள்ள கணுக்களுக்கு 5 மி.மீ.யே எல்லை என்று பல மையங்கள் வைத்திருக்கின்றன.

நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. வயிற்றுக் காசநோயிலும் நீர் கோக்கும், கணு வீங்கும், ரத்தப் பரிசோதனையில் 35க்குள் இருக்க வேண்டிய சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீடு நூற்றுக்கணக்கில் ஏறும். பெட் ஸ்கேனிலும் அது புற்றுநோயைப் போலவே ஒளிரும். கழுத்திலோ தொடை இடுக்கிலோ கைக்கு எட்டும் கணு இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிடலாம். சினைப்பைக் கட்டி மட்டும் இருக்கிறது, வேறெங்கும் பரவலே தெரியவில்லை என்றால் அந்தக் கட்டியில் ஊசி போட வேண்டாம். உள்ளே சிந்தினால் நோயின் நிலையே மாறிவிடும்.

இனி அறுவை சிகிச்சை. உறவினர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். “எல்லா நெறியையும் வழித்து எடுத்துடுங்க டாக்டர்” என்று கேட்பது இயல்பு. 2019இல் வெளியான ‘லயன்’ ஆய்வு இதற்குத் தெளிவான பதில் சொன்னது. நோய் முற்றிய 647 பெண்கள். எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. கணுக்கள் ஸ்கேனிலும் சரி, அறுவையின்போது தொட்டுப் பார்த்தபோதும் சரி, இயல்பாகவே இருந்தன. பாதிப் பேருக்குக் கணுக்களையும் எடுத்தார்கள். எடுத்தவர்களில் 55.7 சதவீதம் பேரின் கணுக்களில் நுண்ணிய அளவில் நோய் இருந்தது! ஆனாலும் ஆயுள் கூடவில்லை. மறுபடி வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் 12.4 சதவீதம், எடுக்காதவர்களில் அது 6.5தான். ஆகவே முற்றிய நோயில் இயல்பாகத் தெரியும் கணுக்களைத் தொடாமல் விடுவது அலட்சியம் இல்லை, சரியான மருத்துவம்.

வீங்கிய கணு என்றால் கதை வேறு. அதை எடுத்தாக வேண்டும். நோய் சினைப்பையோடு நின்றதாகத் தெரிபவர்களுக்கும் பெரும்பாலும் இடுப்பிலும் பெருந்தமனி அருகிலும் கணுக்களை எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் தென்பட்டால் நிலை உயரும், கீமோ திட்டமும் மாறலாம். எனவே அறுவைக்கு முன்பே, “எங்க அம்மாவுக்கு எந்த இடத்துக் கணுக்களை எடுக்கப்போறீங்க, எதுக்காக?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியாக பயாப்ஸி ரிப்போர்ட். எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, எத்தனையில் நோய், அதில் பெரிய படிவு எத்தனை மி.மீ. என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நோயின் நிலையைக் குறிக்கும் 2014ஆம் ஆண்டின் ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) வகைப்பாட்டில், இடுப்புக்கு வெளியே வயிற்று உறையில் பரவாமல் இடுப்பிலோ பெருந்தமனி அருகிலோ உள்ள கணுக்களுக்கு மட்டும் போயிருந்தால் அது 3ஏ1 நிலை. படிவு 10 மி.மீ.க்குள் என்றால் ஒரு பிரிவு, மேலே போனால் இன்னொன்று. தொடை இடுக்குக் கணுவில் இருந்தால் 4பி. ரிப்போர்ட்டில் இந்த எண்கள் விடுபட்டிருந்தால், கீமோ தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.