வாக்ஸிங் போகும் முன்... கொஞ்சம் கத்தரிக்கோல் வேலை!

"அக்கா கல்யாணத்துக்கு இன்னும் மூணே நாள். முதல் தடவையா வாக்ஸிங் பண்ணிக்கப் போறோமே, கையில முடி இவ்வளவு நீளமா இருந்தா பார்லர்ல என்ன நினைப்பாங்களோன்னு கூச்சம். காலையிலேயே அண்ணனோட ரேஸரை எடுத்து வழிச்சுட்டுப் போனேன். அந்தம்மா என் கையைப் பார்த்துட்டு, 'இதுல நான் எதைம்மா எடுக்கறது? மூணு வாரம் கழிச்சு வா'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க!"

இப்படிப் புலம்பும் கல்லூரிப் பெண்கள் அநேகம். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. 'முடி எவ்வளவு நீளமா இருக்கோ அவ்வளவு நல்லது, வாக்ஸ் நல்லா பிடிச்சுக்கும்' என்று மாதக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போய், உயிர் போகிற வலியோடு திரும்பி வருகிறவர்கள்!

இரண்டுமே தப்பு. வழிக்கவும் கூடாது, காடாக வளர்க்கவும் கூடாது. நடுவில் இருப்பதுதான் 'ட்ரிம்' செய்வது. அதாவது, முடியைச் சீராகக் கத்தரித்து அளவாக்கிக் கொள்வது.

எவ்வளவு நீளம்?

பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேலை எடுத்து ஒரு முடியை நீட்டி அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் இருந்தால் போதும். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் ட்ரிம் செய்வது நல்லது.

காரணம் எளிது. முடி ரொம்பக் குட்டையாக இருந்தால் வாக்ஸ் அதைப் பற்றிக்கொள்ள முடியாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தரம் இழுப்பார்கள். முடி வராது, தோல்தான் உரியும். நீளமாக இருந்தாலோ முடி வாக்ஸோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும். வேரோடு வராமல் நடுவில் அறுந்துபோகும். அப்படி அறுந்த முடிகளில் சில, வெளியே வரமுடியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து, சிவப்புக் கொப்புளமாகக் கிளம்பும்.

முன்பே ஷேவ் செய்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். சிலருக்கு நாலு வாரம்கூட ஆகலாம்.

எப்படி ட்ரிம் செய்வது?

* வாக்ஸிங்குக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகச் செய்யுங்கள். எங்காவது லேசாகக் கீறிவிட்டாலும் ஆற நேரம் இருக்கும். கீறல் ஆறாவிட்டால் வாக்ஸிங்கைத் தள்ளிப்போடுங்கள்.

* குளித்துவிட்டு, நன்றாகத் துடைத்து, தோல் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஈர முடி தோலோடு ஒட்டிக்கொண்டு அளவு தெரியாமல் ஏமாற்றிவிடும்.

* மீசை திருத்தும் சின்னக் கத்தரிக்கோல், முனை மழுங்கலானதாக இருந்தால் விசேஷம். சீப்பால் முடியை நிமிர்த்தி, சீப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டுங்கள். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பு காவல் நிற்கும்!

* ட்ரிம்மர் என்றால், 6 மில்லிமீட்டர் அளவுள்ள சீப்பை மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டாமல் ஓட்டினால் ஷேவ் செய்த மாதிரிதான்.

* அக்குளில் முடி ஒரே திசையில் வளராது. கையைத் தூக்கி, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று நிதானமாக வெட்டுங்கள்.

* மச்சம், மரு இருக்கிற இடத்தில் கை வைக்கும்போது கவனம். அவற்றின் மேல் வாக்ஸும் போடக் கூடாது.

* வீட்டுக்கு ஒரே ட்ரிம்மர் என்ற சிக்கனம் இதில் வேண்டாம். உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உபயோகித்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள்.

ரேஸரைவிட ட்ரிம்மர் தோலுக்கு நல்லது என்பதற்கு ஆஸ்பத்திரியிலேயே சாட்சி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஷேவ் செய்யாமல் கிளிப்பரால்தான் கத்தரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ரேஸர் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழையலாம் என்பதுதான் காரணம்.

'வெட்டினா அடர்த்தியா வளருமே?'

பாட்டிமார்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி! வளராது. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே கத்தரித்தது அதற்குத் தெரியவே தெரியாது. தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையாக மெலிந்திருக்கும். வெட்டிய நுனி தட்டையாக இருப்பதால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

யார் யோசிக்க வேண்டும்?

பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாக்ஸிங் பக்கமே போகக் கூடாது. நிறுத்திய பிறகும் 6 மாதம் பொறுக்க வேண்டும். அந்த மருந்தால் தோல் மெலிந்திருக்கும். வாக்ஸோடு தோலும் உரிந்து வந்துவிடும். ட்ரெட்டினாயின் போன்ற கிரீம் பூசுகிற இடத்திலும் இதே ஆபத்து உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ள வேண்டாம். இவர்களுக்கெல்லாம் ட்ரிம் செய்வதே போதும். அதற்கு மேல் போகவேண்டிய அவசியமே இல்லை.

முடி சொல்லும் சேதி

இது முக்கியம். மோவாய், மார்பு, அடிவயிறு என்று ஆண்களுக்கு வளர்கிற இடங்களில் உங்களுக்கோ உங்கள் பெண்ணுக்கோ தடித்த கறுப்பு முடி வளர்கிறதா? மாதவிலக்கும் முன்பின்னாக வருகிறதா? கூடவே பரு, எடை கூடுதல்? அப்படியானால் முதலில் போகவேண்டிய இடம் பார்லர் அல்ல, மகளிர் மருத்துவரின் கிளினிக். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னையாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்து மருந்து தருவார்கள். முடி திடீரென்று வேகமாக வளர்ந்து, குரலும் கட்டையானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மாதாமாதம் வாக்ஸ் செய்து முடியை மறைக்கலாம், அதன் காரணத்தை மறைக்க முடியாது.

பார்லரில் கேளுங்கள்

அன்று எண்ணெய், லோஷன் எதுவும் தடவாமல் போங்கள். முதல் தடவை என்றால், முந்தின நாளே கையில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்ஸ் தடவிய குச்சியை மறுபடியும் அதே டப்பாவில் விடுகிறார்களா என்று கவனியுங்கள். விட்டால், அடுத்தவர் தோலில் இருந்த கிருமி உங்களுக்கும் வரும். "புதுக் குச்சி எடுங்க" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கு வெந்நீர்க் குளியல், இறுக்கமான உடை, சென்ட், நீச்சல் எதுவும் வேண்டாம். பருத்தி உடை போதும். இரண்டு நாளாகியும் சிவப்பு குறையாமல் சீழ் வைத்தால் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உடம்பில் முடி இருப்பது அழுக்கும் இல்லை, அவமானமும் இல்லை. எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். எடுப்பதாக முடிவு செய்துவிட்டால், தோலைக் காயப்படுத்தாமல் எடுங்கள். கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னால் அவசரப்படாமல், ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்து வைத்துவிடுங்களேன்!