ரத்தக் கொழுப்பும் அழற்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. மனுக் கொடுக்க மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்துபோகும் ஊர். நாலு பேர் கூடும் இடத்தில் சர்க்கரை, பிரஷர், மாரடைப்புப் பேச்சு வராமல் இருக்காது. அந்தப் பேச்சில் அடிபடும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: ஒல்லியானவர்களுக்குக் கொழுப்புத் தொல்லை வராது.

உண்மை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேருக்குத்தான் உடல் பருமன், ஆனால் 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவாக இருப்பதே அதில் அதிகம். இதைக் கண்ணாடி காட்டாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

நம்பிக்கை: செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை, தாராளமாக ஊற்றலாம்.

உண்மை: மல்லாட்டை விளையும் மண்ணில் செக்கெண்ணெய் மீது பாசம் இருப்பது இயல்பு. ஆனால் செக்கோ ரீஃபைண்டோ, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நம் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. தேவைக்கு மிஞ்சிய எண்ணெயும் சோறும் இனிப்பும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றிவிடும்.

நம்பிக்கை: அடைப்பு என்பது குழாய்க்குள் கொழுப்பு படிவது, அவ்வளவுதான்.

உண்மை: கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே நுழைந்து தங்குகின்றன. பகைவன் புகுந்துவிட்டான் என்று வெள்ளணுக்கள் திரண்டு வந்து அவற்றை விழுங்குகின்றன. விழுங்கிய அணுக்கள் கொழுப்பால் உப்பி, அங்கேயே மடிகின்றன. அதைக் கண்டு இன்னும் பல வந்து சேர்கின்றன. இந்த ஓயாத சண்டைதான் அழற்சி. அது கொழுப்புத் திட்டின் மேல்மூடியை அரித்து மெலிதாக்குகிறது. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. பாதிகூட அடைபடாத குழாயிலும் இது நேரலாம்.

2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு அழற்சியின் இந்தப் பங்கை மெய்ப்பித்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேர் அதில் பங்கேற்றார்கள். அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசியால் எல்.டி.எல். குறையவில்லை; ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. அதே ஊசியால் உயிர் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடியதால், அது எல்லோருக்குமான மருந்தாகவில்லை.

நம்பிக்கை: மூலிகைதானே, கெடுதல் செய்யாது.

உண்மை: நம் மாநில மலரான செங்காந்தளில் கால்சிசின் என்ற அழற்சி தணிக்கும் பொருள் உள்ளது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதை நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெரிந்தது. 2024இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. மருத்துவர்களே இன்னும் அளந்து பார்க்கும் மருந்து இது. செங்காந்தள் கிழங்கோ கொடிய நஞ்சு, தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அதை வாயில் வைக்கவே கூடாது.

நம்பிக்கை: ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டால் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாம்.

உண்மை: ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பையும் அழற்சியையும் ஒருசேரக் குறைக்கிறது. நார்மல் ஆனதே அதனால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் கொழுப்பு பழையபடி ஏறிவிடும். தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். பீடி, சிகரெட்டை விடுவதும் தினம் நடப்பதும் மாத்திரைக்குத் துணை நிற்கும். ஆனால் அதன் இடத்தைப் பிடிக்காது.