அடிபட்ட பிறகும் வாழ்வு உண்டு!

நெடுஞ்சாலை விபத்தில் சிக்கி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவர்களுக்கு அடுத்த போராட்டம் வீட்டில்தான் தொடங்குகிறது. அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சில குறிப்புகள்:

* முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் செயற்கைக்கால் பொருத்துவது கடினம்.

* எடுத்த காலில் வலிக்கிறதா? அது பிரமை அல்ல, நரம்பும் மூளையும் தருகிற நிஜ வலி. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

* தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால், பிட்டம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

* டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அவை உதவும். உதவித்தொகை, உபகரணங்கள் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

* சாப்பிடுவது, சட்டை மாட்டுவது என முடிந்ததை அடிபட்டவரே செய்யட்டும். நேரமானாலும் காத்திருங்கள்.

* மனம் உடைந்தால் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.

மீண்டு வர முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, பலருக்கு மறுவாழ்வு தந்தார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். அப்படிப்பட்ட தைரியம் ஒரே நாளில் வந்துவிடாது. இன்று ஐந்து நிமிடம் உட்கார முடிந்ததா? நாளைக்கு ஆறு நிமிடம். அதுதான் தைரியம்.