அசையா நீரில் ஒரு படகு

பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்து விடியலைக் கிளாட் மோனே 1872இல் தீட்டினார். ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ என்னும் அவ்வோவியத்தில் சாம்பல் நீலமாய் அடங்கிக் கிடக்கும் நீரின்மேல் கருமையாய் ஒரு சிறு படகு. மேலே செம்மஞ்சள் கதிரவன். அக்கதிரவனின் வெளிச்சமும் சூழ்ந்த வானின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றே. படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் படகு நிற்கும். கதிரவனோ பெரிதும் மறைந்துவிடும். நிறம் ஒன்றே அதனை நமக்குக் காட்டுகிறது.

கண்புரை நிறவேறுபாடுகளை மங்கச் செய்வது. எனவே இப்படத்தைப் பார்க்கும் முதியவர் “சூரியன் எங்கே?” என வினவினால் நாம் வாதிட வேண்டா, கண் மருத்துவரிடம் தெரிவிப்போம். மோனேவுக்கும் 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. அறுவைக்கு அஞ்சிப் பல்லாண்டு தள்ளிப்போட்டவர், 1923இல் தம் 82ஆம் வயதில் வலக்கண்ணுக்கு அதனைச் செய்துகொண்டார். அதன்பின்னும் அல்லிக்குள ஓவியங்களைத் தீட்டிவந்தார்.