கிதார் பெடலுக்கு வண்ணம் பூசுதல்

என் மகள் கிதார் வாசிக்கிறாள். வாத்தியத்துக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு சிறிய உலோகப் பெட்டியைத் தரையில் வைத்துக் காலால் மிதிப்பாள். மிதித்ததும் தந்தியின் நாதம் கரகரப்பாகும், அல்லது எதிரொலிக்கும். இதைத்தான் 'எஃபெக்ட்ஸ் பெடல்' என்கிறார்கள். "அப்பா, இதற்குச் செம்மண் நிறம் அடித்துக் கொடுங்கள், மேலே நான் கோலம் போட்டுக்கொள்கிறேன்" என்றாள். மும்பையில் எங்கள் லிஃப்ட் வாசலில் போடும் கோலம் காலை ஒன்பது மணிக்குள் துடைப்பத்தோடு போய்விடும். பெட்டியிலாவது நிற்கட்டும் என்று எண்ணினாளோ என்னவோ! நானும் மோட்டார் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன். இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன்.

பெடலின் நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. 1978-இல் வந்த பாஸ் டிஎஸ்-1 ஆரஞ்சு நிறம். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பச்சை. இருட்டு மேடையில் எதை மிதிக்கிறோம் என்பதை நிறமே சொல்லும். ஆகவே இரண்டு பெடல்களுக்கு ஒரே நிறம் அடிக்க வேண்டாம். அந்தக் காலத்து அசல் பெடல் யாரிடமாவது இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பழைய பூச்சு போனால் மதிப்பும் போய்விடும்.

முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். குமிழ்கள், நட்டுகள், மிதி ஸ்விட்ச் எல்லாவற்றையும் கழற்றி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெட்டி மட்டுமே கையில் இருக்க வேண்டும்.

பெட்டி பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். அதன்மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் செதில் செதிலாக உதிரும். 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 400-ஆல் வழவழப்பாக்கி, தின்னரால் துடைத்த பின் விரல் படக்கூடாது. உடனே எட்ச் பிரைமர். அதன் மேல் ஸ்ப்ரே டப்பாவை 20, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடிக்கலாம். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்துவிடும். மாஸ்க் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மழைக்காலத்தில் லாக்கர் அடிக்காதீர்கள். ஈரம் படிந்து பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். நான் ஜூலையில் அடித்து, அப்படியே பூத்துப்போய், அக்டோபரில் மறுபடி தேய்த்து அடித்தேன்.

கோலம் அவள் வேலை. 11 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள முகப்பில், ஸ்விட்ச் துளைக்கு மேலே, 5 புள்ளி 3 வரை இடுக்குப்புள்ளி வைத்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் இழுத்தாள். அதற்கு மேல் தெளிவான லாக்கரைப் பனித்தூறல்போல் இரண்டு முறை அடித்துக் காயவிட்டேன். நனைய அடித்திருந்தால் கோடுகள் கரைந்து ஓடியிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவன் ஒன்றில் கோட்டை விட்டேன். துரு வராமல் இருக்க உள்ளும் புறமும் பூசுவது தொழிற்சாலைப் பழக்கம். பெட்டியின் உட்புறம், மூடி உட்காரும் விளிம்பு எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டேன். வீட்டில் மெதுவாக வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் விழா மேடையில், பெரிய ஸ்பீக்கரில், பெடலை மிதித்ததும் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல்! பாட்டே கேட்கவில்லை. பெடலைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கிதாரில் முடித்தாள். வீடு திரும்பும்வரை என்னோடு பேசவில்லை.

காரணம் இதுதான். அந்தப் பெட்டியும் சுற்றின் ஒரு பாகம். ஜாக்கின் உலோகக் கழுத்து, வாஷர் வழியாகப் பெட்டியைத் தொட்டு அதை 'எர்த்'தோடு இணைக்கிறது. அப்போதுதான் பெட்டி, சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தடுக்கும் கவசமாகும். நடுவில் என் பெயிண்ட் புகுந்து அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. கவசமாக இருக்க வேண்டிய பெட்டி ஏரியலாகிவிட்டது.

ஜாக் துளைகளைச் சுற்றி உட்புறமும், மூடியின் விளிம்பும், திருகுத் துளைகளும் பளபளக்கும் உலோகமாகும்வரை சுரண்டினேன். ஒரு ஜாக்கின் கழுத்திலும் மூடியின் உட்பக்கத்திலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தபோது, முன்பு அசையாத முள் பூஜ்ய ஓம் பக்கம் சாய்ந்தது. நீங்கள் அடிப்பதற்கு முன்பே அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். சுரண்டும் வேலை மிச்சம்.

இப்போது இரைச்சல் இல்லை. இரண்டாவது பெடலுக்கு மயில் நீலம் கேட்கிறாள். இம்முறை டேப்பைத் தானே ஒட்டுவாளாம்.